தலைமைத்துவத்தை அளப்பவர் யார்? பல்கலைக்கழக மதிப்பீடுகளுக்குப் புத்தளம் கரையிலிருந்து ஒரு மறுப்பு

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தலைமைத்துவப் பயிற்சி பற்றிப் பேசுவோரிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. தலைமைத்துவம் என்பது தனி ஆளிடம் படியும் ஒரு திறன் என்றும், செயலமர்வுகள், வதிவிடப் பயிற்சிகள், மென்திறன் பாடநெறிகள், மாணவர் கழகங்கள் ஆகியவற்றின் வழியே பல்கலைக்கழகம் அத்திறனை ஊட்டிவிடுகிறது என்றும், ஊட்டப்பட்டதா இல்லையா என்பதைப் பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவரிடமே ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து அறிந்துகொள்ளலாம் என்றும் அக்கருத்து கூறுகிறது. பீடங்களின் ஆண்டறிக்கைகளிலும், நிதி கோரும் முன்மொழிவுகளிலும், தர மீளாய்வுக்காகத் தயாரிக்கப்படும் சுயமதிப்பீட்டு அறிக்கைகளிலும் இந்த நம்பிக்கையே அடியோட்டமாக இருந்துவருகிறது.

இந்த நம்பிக்கை தவறானது. பல்கலைக்கழகக் கல்வியால் தலைமைத்துவம் வளரவே முடியாது என்று இங்கே வாதிடப்படவில்லை. வளர முடியும், வளர்ந்தும் இருக்கிறது. ஆனால் அது வளர்ந்ததற்கு மாணவரின் சொந்த வாக்குமூலம் சாட்சியாகாது. யாருக்கு நடுவே நின்று அவர் முடிவெடுக்கிறாரோ, எவருடைய பிழைப்பு அம்முடிவால் ஏறவோ இறங்கவோ செய்கிறதோ, அவர்களே அதற்குச் சாட்சிகள். அந்தச் சாட்சியமும் பயிற்சி முடிந்த அன்று மாலையே கிடைத்துவிடாது, ஆண்டுகள் சில கழிய வேண்டும். இந்தச் சாட்சிகளை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதுவதுதான் இன்றைய மதிப்பீட்டு முறையின் அடிப்படைக் குறை. இதனைக் காட்டுவதற்கு மேல்நாட்டுக் கல்லூரிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து முந்தல், உடப்பு, சிலாபம் என்று தெற்கே நீளும் புத்தளம் மாவட்டத்துக் கரையோரமே போதும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைப்பது நியாயம். 2012இல் வெளியாகி 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு, பட்டதாரி ஒருவர் அடைந்திருக்க வேண்டிய கற்றற் பேறுகளைப் பன்னிரண்டு வகைகளாகப் பிரித்து, குழுவேலையையும் தலைமைத்துவத்தையும் சேர்த்து அவற்றுள் ஒரு வகையாக வைத்திருக்கிறது. கற்றற் பேறு என்பது பாடநெறியொன்றின் முடிவில் மாணவர் அறிந்திருக்கவும் செய்துகாட்டவும் வேண்டியதைக் குறிக்கும் கல்வியியற் சொல். கட்டமைப்பில் இடம்பெற்றுவிட்டதால், ஒவ்வொரு பட்டப் பாடநெறியும் தலைமைத்துவத்தை எங்கே கற்பிக்கிறது, எவ்வாறு சோதிக்கிறது என்று காட்ட வேண்டியதாகிவிட்டது. உலக வங்கியின் உதவியுடன் 2010 முதல் நடைபெற்ற இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வித் திட்டம் ஆங்கிலம், தகவல் தொழினுட்பம் ஆகியவற்றோடு மென்திறன்களுக்கும் நிதி வழங்கியது. அதாவது, பேசுதல், கூடிப் பணியாற்றுதல், பிறரை வழிநடத்துதல் போன்ற, பாட அறிவுக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களுக்கு. நிதி கொடுப்போர் அளவிடத்தக்க விளைவைக் கேட்பது இயல்பே.

இவற்றைவிட மனத்தைத் தொடும் வாதம் ஒன்றும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுகிறது. புத்தளம் அவற்றுள் ஒன்று. கற்பிட்டியிலிருந்தோ முந்தலிலிருந்தோ கொழும்புக்கும் பேராதனைக்கும் ஒலுவிலுக்கும் போகும் பிள்ளை, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாயிலைக் கடப்பவராக இருக்கக்கூடும். விரிவுரை மண்டபத்தில் எழுந்து கேள்வி கேட்கவும் அவர் தயங்குவார். அத்தகையவருக்குத் தன்னம்பிக்கை தரும் எந்தப் பயிற்சியும் நல்லதே என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதை எவரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. தன்னம்பிக்கை தேவை என்பதை இக்கட்டுரையும் முழுமையாக ஏற்கிறது. எனினும் தன்னம்பிக்கை பெற்றவர் தலைவராகிவிட்டார் என்று அறிக்கை எழுதும்போது இரு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. மேடையில் தயங்காமல் பேசுபவர் ஊரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லலாம். நாலு பேர் முன்னே பேச நாணுபவர் நெருக்கடியில் நூறு குடும்பங்களுக்கு வழிகாட்டலாம். இவ்விருவரையும் வேறுபடுத்தத் தெரியாத அளவுகோல் எதை அளக்கிறது என்பதே கேள்வி.

பயிற்சித் திட்டங்களை மதிப்பிடுவதற்கு உலகெங்கும் கையாளப்படும் சட்டகமொன்றை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பற்றிக் 1959இல் வெளியிடத் தொடங்கினார். அது நான்கு படிகளைக் கொண்டது. பயிற்சியைப் பங்குபற்றியோர் விரும்பினார்களா என்பது முதற்படி. எதையேனும் கற்றார்களா என்பது இரண்டாவது. தம் இடத்துக்குத் திரும்பிய பின் அவர்களுடைய நடத்தை மாறியதா என்பது மூன்றாவது. அம்மாற்றத்தால் அவர்கள் சார்ந்த அமைப்புக்கு விளைந்த பயன் யாது என்பது நான்காவது. பல்கலைக்கழகத் தலைமைத்துவ மதிப்பீடுகளிற் பெரும்பாலானவை முதற்படியில் நின்றுவிடுகின்றன. சில, இரண்டாம் படியின் பாதிவரை ஏறுகின்றன. இதற்குக் காரணம் வசதியே. மண்டபம் நிறைந்திருக்கும்போது, சான்றிதழ் வழங்குவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் தாள்களைக் கொடுத்து வாங்கிவிடலாம். மூன்றாம் படிக்கு ஒருவர் பேருந்து ஏறிப் பாலாவிக்கும் நுரைச்சோலைக்கும் போக வேண்டும்.

அரைமணி நேரத்தில் திரட்டப்படும் அத்தாள்களும் நம்பத்தக்கவை அல்ல. ஜோர்ஜ் ஹவார்ட் என்ற உளவியலாளர் 1970களின் இறுதியில் சுட்டிக்காட்டிய சிக்கலொன்று இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. எந்தக் குழுவையும் நடத்தியறியாத மாணவர் தமது தலைமைத்துவத்துக்குத் தொடக்கத்தில் ஐந்துக்கு நான்கு புள்ளி போட்டுக்கொள்கிறார். பயிற்சி உண்மையிலேயே நல்லதாக இருந்து, பிறரை வழிநடத்துவது எத்துணைக் கடினம் என்று அவர் உணர்ந்துவிட்டால், முடிவில் தமக்கு மூன்றே இடுவார். எதையும் உணராத அவருடைய நண்பரோ நான்கிலிருந்து ஐந்துக்குத் தாவுவார். அளக்கப்படுபவரின் மனத்தில் அளவுகோலே இடம்பெயர்ந்துவிடும் இந்நிலையில், நன்றாகக் கற்றவர் தேய்ந்தவராகவும் கல்லாதவர் வளர்ந்தவராகவும் அறிக்கையில் இடம்பெறுவர். இதனோடு தெரிவுச் சாய்வும் சேர்ந்துகொள்கிறது. தாமாக விரும்பி இத்தகைய பயிற்சிக்கு வருவோர் பாடசாலையில் மாணவத் தலைவராக, சாரணராக, விவாத அணியினராக இருந்து வந்தவர்களே. நான்கு ஆண்டுகளின் பின் அவர்கள் முன்னணியில் நிற்பதைப் பயிற்சியின் கணக்கில் வரவு வைப்பது பிழை.

இம்முறையை வளர்த்தெடுத்த அமெரிக்காவின் ஆய்வுகளே அதன் ஆதரவாளருக்கு முழுத் துணையாக இல்லை. அங்கே 2006 முதல் பல கல்லூரிகளை ஒருங்கே உள்ளடக்கி நடைபெற்றுவரும் தலைமைத்துவ ஆய்வும் மாணவரின் சுயகூற்றையே நம்பியிருக்கிறது. அவ்வாறிருந்தும், தம்மிலிருந்து வேறுபட்ட இன, மத, அரசியல் பின்னணியினரோடு மாணவர் நிகழ்த்தும் உரையாடல்களுக்கும் தலைமைத்துவ வளர்ச்சிக்கும் வலுவான தொடர்பு இருப்பதை அது கண்டறிந்தது. இக்கண்டறிதல் இலங்கையைப் பொறுத்தவரை எவ்வளவு முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே வளாகத்தில் தனித்தனி மொழி வழியாகக் கற்று, தனித்தனி மேசைகளில் உண்டு, தனித்தனிச் சங்கங்களில் கூடும் நாட்டில், தலைமைத்துவ வினாக்கொத்துகள் கேட்டிருக்க வேண்டிய முதற்கேள்வி இதுவே.

இந்த மதிப்பீட்டுப் பண்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு அனுபவம் கண்ணெதிரே இருக்கிறது. அவ்வாண்டு மே மாதத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஏறத்தாழ 22,000 மாணவரைக் குழுக்களாகப் பிரித்து, நாட்டின் பல பாகங்களிலிருந்த இராணுவ முகாம்களுக்கு மூன்று வார வதிவிடப் பயிற்சிக்கு அனுப்பும் திட்டத்தை உயர்கல்வி அமைச்சு தொடங்கியது. தலைமைத்துவமும் நேர்ச் சிந்தனையும் அதன் பெயரிலேயே இருந்தன. ஒழுக்கம் வளரும், பகிடிவதை குறையும், கிராமப்புற மாணவருக்குத் துணிவு வரும் என்று அரசு கூறியது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர் அமைப்புகளும் எதிர்த்தனர். வரலாறும் மரபும் பற்றிய பாடப்பகுதி பெரும்பான்மையினரின் மரபை மட்டுமே முன்னிறுத்துவதாகக் குடிமக்கள் அமைப்புகள் குற்றஞ்சாட்டின. அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் உயர் நீதிமன்றம் வரை சென்றன. அந்த விவாதத்தில் குடியியல் வாழ்வு இராணுவமயமாவது பற்றியே அதிகம் பேசப்பட்டது. அது பேசப்பட வேண்டியதே. ஆயினும் மதிப்பீட்டு நோக்கில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி எழாமலே போயிற்று: இத்திட்டம் வென்றதா தோற்றதா என்பதை எவ்வாறு அறிவது?

அறிவதற்கு வழியே விடப்படவில்லை என்பதுதான் விடை. பயிற்சி எல்லோருக்கும் விதிக்கப்பட்டதால் பயிற்சி பெறாதோரோடு ஒப்பிடும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. அதிகாலை அணிவகுப்பில் நேராக நின்றவர் தலைமைத்துவம் பெற்றவராகக் கருதப்பட்டார். கட்டளைக்குக் கீழ்ப்படிதலும் பிறருக்கு வழிகாட்டுதலும் ஒன்றென்று கொள்ளப்பட்டன. அதன் பின்னரும் பகிடிவதை பல்கலைக்கழகங்களில் தொடர்ந்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே தொடர்ந்தது. பயிற்சி முடிவில் மாணவர் மகிழ்ந்தனர் என்பதை வெற்றியாக எண்ணும் அமைச்சுக்கும், செயலமர்வின் முடிவில் மாணவர் மகிழ்ந்தனர் என்பதை வெற்றியாக எண்ணும் பீடத்துக்கும் இடையே முறையியலில் வேறுபாடு எதுவும் இல்லை. இராணுவப் பயிற்சியை மனச்சாட்சியோடு எதிர்த்த கல்விமான்கள் தங்கள் பீடத்தின் வினாக்கொத்துகளையும் அதே கண்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

இனிப் புத்தளம் கரைக்கு வரலாம். உடப்பில் கரைவலை இழுக்கும் காலையொன்றைக் கூர்ந்து நோக்கினால், தலைமைத்துவம் அளக்கப்படும் வேறொரு முறை தெரியவரும். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே வந்து, மறுநுனியைச் சற்றுத் தொலைவிற் கரைசேர்க்கிறது. பின்னர் இரு அணியினர் இரு கயிறுகளையும் இழுக்கின்றனர். நடுவே மீன் வந்து சேரும் பையாகிய மடி, இரு பக்கமும் ஒத்த வேகத்தில் வந்தால்தான் நேராக வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை சரிந்து மீன் தப்பிவிடும். மிதவைகளின் அசைவையும் நீரோட்டத்தின் போக்கையும் பார்த்து, எந்த அணி விரைய வேண்டும், எது தாமதிக்க வேண்டும், இரண்டும் எப்போது நெருங்கி வர வேண்டும் என்று மண்டாடி சொல்கிறார். வலைக்கும் தோணிக்கும் உரியவர் சம்மாட்டி; தொழிலை முன்னின்று நடத்துபவர் மண்டாடி. மீன் விற்ற பணத்தில் வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு போக மிகுதி இழுத்தவர்களுக்குப் பிரிக்கப்படுவதால், மண்டாடியின் கணிப்புப் பிழைத்தால் அன்றைக்கே ஒவ்வொருவர் கையிலும் காசு குறைகிறது. அவர் எப்படிப்பட்ட தலைவர் என்பதை அவரிடம் கேட்டறிய வேண்டிய தேவை அங்கே எவருக்கும் இல்லை. கயிறு பிடித்தவர்கள் சொல்வார்கள்; பல பருவங்களைக் கண்டவர்கள் என்பதால் ஒரு நாள் அதிர்ஷ்டத்தையும் நீண்டகாலத் திறமையையும் பிரித்தே சொல்வார்கள்.

மரபுத் தொழிலை இலட்சியமாக்கிக் காட்டுவதாக இதனைக் கொள்ளலாகாது. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய தொழிலாளி, மண்டாடி எவ்வளவு மோசமானவராயினும் விலகிப் போக முடியாமல் கட்டுண்டு கிடப்பதுண்டு. கருவாடு காயவைக்கும் பெண்களின் உழைப்பு இத்தொழிலைத் தாங்கி நின்றும், முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. ஆனால் இக்குறைகளை வெளிக்கொணரும் வழியும் கயிறு பிடித்தவரையும் கருவாடு காயவைத்தவரையும் கேட்பதாகவே இருக்கிறது. சம்மாட்டியைத் தமக்குத் தாமே புள்ளி போடச் சொல்வதால் அவை ஒருபோதும் வெளிவரமாட்டா.

மரபுத் தொழிலுக்கு இது பொருந்தலாம், அறிவியலும் நிறுவனங்களும் கலந்த இன்றைய தொழிலுக்குப் பொருந்துமா என்று கேட்போருக்கு இறால் வளர்ப்பு விடை தருகிறது. 1980களில் சிலாபம், முந்தல், புத்தளம் பகுதிகளில் வேகமாகப் பரவிய இறால் பண்ணைகளை 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியது. வெண்புள்ளி என்பது வைரசால் உண்டாகி, சில நாள்களுக்குள் ஒரு குளத்து இறால் முழுவதையும் அழித்துவிடக்கூடிய நோய். சிலாபம் களப்பு, முந்தல் ஏரி, இரண்டையும் தொடுக்கும் டச்சுக் கால்வாய் ஆகியவற்றின் நீரையே பல நூறு பண்ணைகள் உள்ளெடுத்து, அதே நீர்நிலைகளிலேயே வெளியேற்றியும் வந்தன. ஆகவே ஒருவர் நோயுற்ற குளத்தைத் திறந்துவிட்டால் அயலவர் அனைவரும் அழிந்தனர். எத்தனையோ பண்ணைகள் கைவிடப்பட்டன; அலையாத்திக் காடுகளை வெட்டி அமைத்த குளங்கள் பாழ்நிலமாயின. கடனில் மூழ்கிய குடும்பங்களின் துயரம் இன்றும் அக்கரையில் நினைவிருக்கிறது.

அதிலிருந்து மீள்வதற்குக் கண்டறியப்பட்ட வழிகளுள் முதன்மையானது பயிர் நாட்காட்டி. பண்ணைப் பரப்பை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதைப் பண்ணையாளர் சங்கங்களும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் கூடித் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. எரங்க கலப்பத்தி, ஃபிக்ரெட் பெர்க்ஸ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பொதுவளமாகிய நீரைச் சமூகமே ஆளும் முறைக்கு எடுத்துக்காட்டாக இவ்வேற்பாட்டை ஆராய்ந்தது. இதில் சங்கத் தலைவர் ஒருவர் செய்ய வேண்டியதை எண்ணிப் பார்த்தால் தலைமைத்துவத்தின் முழுப் பாரமும் புலப்படும். வங்கிக் கடனின் தவணை நெருங்கிவிட்ட தன் அயலவரிடம், அவர் மைத்துனராகவே இருந்தாலும், இந்தப் பருவம் உங்கள் குளம் காய வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னபின் அவரோடு ஒரே ஊரில் வாழவும் வேண்டும். தம் குளம் எந்த வலயத்தில் வருகிறது என்பதில் சலுகை தேடவில்லை என்று பிறர் நம்பும்படி நடந்துகொள்ளவும் வேண்டும். குஞ்சு இறாலைப் பி.சி.ஆர். சோதனைக்கு உட்படுத்தி நோயின்மையை உறுதிசெய்யும் அறிவியல் பல்கலைக்கழகம் வழியாக வந்தது. அந்தச் சோதனை முடிவை ஏற்று, கொள்வனவு செய்த குஞ்சுகளைக் கொட்டிவிட இருபது பேரை இணங்கச் செய்யும் ஆற்றல் எந்தச் செயலமர்வில் வந்தது?

வயம்பப் பல்கலைக்கழகத்தின் மாக்கந்துர வளாகத்தில் மீன்வளத்துறை கற்கும் மாணவருக்கு இக்கரை அயல்வீடு போன்றது. களப்பயிற்சிக்குப் பண்ணைகளுக்குச் செல்லும் மாணவர் நீரின் உவர்ப்பையும் கார அமிலத் தன்மையையும் அளந்து குறிப்பெடுப்பதற்குப் புள்ளி பெறுவதே இத்தகைய பாடநெறிகளின் பொது வழக்கம். சங்கக் கூட்டமொன்றின் பின்வரிசையில் அமர்ந்து, ஒரு முடிவு எவ்வாறு உருவாகிறது, யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று கவனிப்பதற்கும், பின்னர் சிறிய பொறுப்பொன்றை ஏற்று அதற்குச் சங்கத்தாரிடமே கணக்குக் கொடுப்பதற்கும் புள்ளி வழங்கப்பட்டால், தகைமைகள் கட்டமைப்பு கோரும் தலைமைத்துவம் தனிப் பயிற்சி முகாம் எதுவுமின்றியே கல்வியின் உள்ளே வந்து சேரும்.

முதற்படியோடு நின்றுவிடுவது தவறென்றால் நான்காம் படியாகிய விளைவை மட்டும் பார்த்தாற் போதுமே என்று சிலர் எண்ணலாம். அதுவும் போதாது. 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்ததன் பின், கொழும்புக் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. சிமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் 2011 முதல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்த மக்கள் 2018இன் பிற்பகுதியில் புத்தளம் நகரிற் சத்தியாக்கிரகம் தொடங்கினர். கிளீன் புத்தளம் என்ற பெயரில் மூவின மக்களும் மதத் தலைவர்களும் ஒன்றுசேர்ந்தனர். போராட்டம் கொழும்பு வரை சென்றது. ஆயினும் 2019 ஆகஸ்டில் குப்பை லொறிகள் அருவக்காட்டை அடைந்தன. விளைவை மட்டும் நோக்கும் அட்டவணையில் இவ்வியக்கத்தின் தலைமைத்துவத்துக்குக் கிடைப்பது பூச்சியம். ஒரு கூட்டத்துக்கு எந்த மொழியில் துண்டறிக்கை அச்சிடுவது என்பதிலிருந்து, ஆத்திரமுற்ற இளைஞரைச் சட்டத்துக்கு உட்பட்டு நிறுத்துவது வரை, நீண்டகாலம் மூன்று சமூகங்களை ஒரே கோரிக்கையின் கீழ் வைத்திருந்த உழைப்பு அந்த அட்டவணையில் எங்கும் பதிவாகாது. அதிலே கலந்துகொண்ட சாதாரண மக்களைக் கேட்டால்தான், யார் பேச்சை நம்பி வந்தார்கள், யார் பேச்சால் விலகிப் போனார்கள் என்பது தெரியவரும்.

இதைவிடப் பழைய பாடமொன்றும் இக்கரைக்கு உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்தையே வந்தடைந்தனர். தென்னந்தோப்புகளில் எழுந்த கிடுகுக் குடிசைகளிடையே உலர் உணவுப் பங்கீட்டை ஒழுங்குபடுத்தவும், கிணற்றுக்கு முறை வகுக்கவும், பிள்ளைகளுக்கு மரநிழலில் வகுப்புத் தொடங்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். காணி, நீர், வேலை, மாவட்ட ஒதுக்கீட்டுக்குரிய பல்கலைக்கழக இடங்கள் என்று ஒவ்வொன்றிலும் உள்ளூராருக்கும் வந்தோருக்கும் இடையே மூண்ட மனத்தாங்கலைத் தணிக்கவும் வேண்டியிருந்தது. முகாம் பாடசாலை ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிருவாகிகளும் பெண்கள் அமைப்புகளும் அப்பணியைச் செய்தனர். அதே காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், மறக்கப்பட்டுவந்த இம்மக்களின் இழப்புகளையும் அகதி வாழ்வையும் ஆராய்ந்து 2001இல் நூலாக்கினார். 2018இல் காலமாகும் வரை அவர்களுடைய மீள்குடியேற்ற உரிமைக்காகப் பேசினார். ஒரு பல்கலைக்கழகம் ஒரு சமூகத்துக்கு அளிக்கக்கூடிய தலைமைத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. தம் பாட அறிவை ஆழமாகக் கற்று, அதனைத் தேவையுள்ளோரிடம் கொண்டுசென்று, அவர்கள் முன்னிலையில் அதற்குப் பொறுப்புக் கூறியதால் அது வந்தது.

எதிர்த்தரப்பு இங்கே நடைமுறைத் தடையொன்றைக் கிளப்பும். ஆயிரக்கணக்கான பட்டதாரிகளின் பின்னே ஊர் ஊராகப் போய் விசாரிக்க நேரமும் பணமும் எங்கே என்பது அது. எல்லோரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மாதிரியெடுப்பு என்பது எந்தச் சமூக அறிவியற் பீடத்திலும் இளமாணி மாணவருக்குக் கற்பிக்கப்படும் முறை. பயிற்சியில் சேர்ந்தோர் சிலரையும், அதே மாவட்டத்திலிருந்து அதே பெறுபேற்றுடன் வந்து சேராதோர் சிலரையும் தெரிந்து, மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் அவர்களோடு பணியாற்றுவோரைச் சந்திப்பது இயலாத காரியம் அன்று. பட்டமளிப்புக் காலத்தில் வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் தடமறி ஆய்வுகளுக்குச் செலவிடும் உழைப்பின் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம். கிடைக்கும் எண்ணிக்கை சிறிதாக இருக்கும். சாட்சியம் உண்மையானதாக இருக்கும்.

இன்னொரு தடை, ஊராரின் தீர்ப்பில் சாதி, மதம், ஆண் மேலாண்மை ஆகிய சாய்வுகள் கலந்திருக்குமே என்பது. கலந்திருக்கும், பெண் பட்டதாரிகளைப் பொறுத்தவரை இது கடுமையான சிக்கலே. பல்கலைக்கழக அனுமதி பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாக இருந்தும் மாணவர் ஒன்றியங்களின் தலைமைப் பதவிகளில் அவர்களை அரிதாகவே காண முடிகிறது. வளாகத்திலேயே இந்நிலை என்றால் ஊர்ச் சங்கத்தில் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சாய்வு இருக்கிறது என்பதே மதிப்பீடு கண்டறிந்து சொல்ல வேண்டிய முதன்மையான உண்மைகளுள் ஒன்று. பயிற்சியின் முடிவில் ஐந்துக்கு ஐந்து போட்ட மாணவி, ஊர் திரும்பியபின் சங்கக் கூட்டத்தில் நாற்காலி கிடைக்காமல் நிற்கிறார் என்றால், அந்த ஐந்துக்கு என்ன பொருள்? அவருக்கு நாற்காலி கிடைக்கச் செய்யாத, கிடைக்காததைக் கவனிக்கவும் செய்யாத பயிற்சியை வெற்றியென்று எழுதுவது அவருக்கு இழைக்கும் அநீதி. ஆகவே விசாரிக்கப்படுவோரில் கருவாட்டு வாடிப் பெண்களும், சங்கத்தில் உறுப்புரிமை இல்லாத கூலியாட்களும் இருந்தே ஆக வேண்டும். சங்கத் தலைவரின் கருத்தோடு நின்றுவிடும் மதிப்பீடு பழைய குறையை வேறிடத்தில் புதுப்பிப்பதாகவே முடியும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டு ஏற்பாட்டின் கீழ் வரும் மீளாய்வுக் குழுவினர் மாணவர், ஆசிரியர், பழைய மாணவர், தொழில் வழங்குநர் ஆகியோரைச் சந்திக்கின்றனர். அப்பட்டியலில் மீனவர் சங்கங்களும் இறால் பண்ணையாளரும் மீள்குடியேறிய ஊர்களின் மக்களும் சேர வேண்டும். அடுத்த மீளாய்வுக்கு முன்னர் ஒவ்வொரு பீடமும் தான் நடத்திய தலைமைத்துவப் பயிற்சிகளுள் ஒன்றையாவது இம்முறையில் பரிசோதித்து, கற்பிட்டியிலும் முந்தலிலும் உடப்பிலும் தன் பட்டதாரிகளோடு பணியாற்றுவோர் கூறியதை, அவர்கள் கூறிய மொழியிலேயே, அறிக்கையோடு இணைக்கட்டும். தங்கள் ஊர்ப் பிள்ளை படித்துவிட்டு வந்ததால் சங்கத்தில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை என்று அவர்கள் சொன்னால், அதையும் வெட்டாமல் வெளியிடட்டும்.